கத்தி யார் கையில், கதை யார் காதில்

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரக் காவல் நிலையத்துக்கு அழுக்கு உடையோடு ஒரு வெளியூர்க்காரன் வருகிறான். அனுமதி கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைகிறான். இந்தக் கோலத்தில் வந்ததற்கு மன்னிப்பும் கேட்கிறான். தான் குடிகாரன் இல்லை, மாட்டுத் திருடன் இல்லை, நாணயமான கவுச்சோ (புல்வெளியில் மாடு மேய்க்கும் குதிரைக்காரன்) என்று அதிகாரியிடம் சொன்னவன், அடுத்த மூச்சிலேயே தான் ஒரு குற்றவாளி என்கிறான். அவன் வேற்றூர் போயிருந்த சமயத்தில் அவனுடைய பெண்ணும் நண்பனும் சேர்ந்து துரோகம் செய்துவிட்டார்கள். இருவரையும் குத்திச் சாய்த்துவிட்டான். துரோகத்துக்கு அத்தாட்சி பைக்குள் இருக்கிறது: அவளுடைய பின்னல், நண்பனுடைய இதயம். விலங்கை இறுக்கிப் பூட்டும்படி சார்ஜென்ட்டிடம் அவனே சொல்கிறான்.

இது ஒரு டாங்கோ பாட்டு. பெயர் ‘ஆ லா லூஸ் தெல் கந்தில்’, அதாவது ‘விளக்கொளியில்’. ஹூலியோ நவரீனே எழுதி, கார்லோஸ் ஹெரோனி ஃபுளோரெஸ் இசையமைத்த பாட்டு; 1927-இல் கார்லோஸ் கார்தெல் கிதார்களோடு பாடிப் பதிவு செய்தார். கொலை நடந்த இரவில் அந்த ஒரு விளக்கைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அவன் நினைத்திருந்தால் பாம்பாஸ் புல்வெளியில் குதிரையைத் தட்டிவிட்டுக் கண்காணாமல் போயிருக்கலாம். நடந்தது நடந்தபடி நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தானே வந்து நிற்கிறான்.

காதலும் மானமும் பழியும் பிணைந்த இந்தப் பழைய பாடல்களைக் கேட்டால் முதலில் கத்தி மீதுதான் கண் போகும். ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கக் கேட்க, கத்தியைவிட முக்கியமான ஒன்று பிடிபடும். மானத்தைப் பற்றிய பாட்டில் பாடுகிறவன் பெரும்பாலும் தனியாக இருப்பதில்லை. கேட்பதற்கு எதிரே இன்னோர் ஆண் இருக்கிறான்: போலீஸ்காரர், நீதிபதி, பக்கத்து வீட்டுக்காரர், சாராயக்கடைத் தோழன். கொல்வதோடு அவன் பழி தீர்வதில்லை. கொன்றதை ஓர் ஆணிடம் சொல்லி, அவன் வாயால் நியாயம் பெற்றாக வேண்டும்.

இந்தப் பாடல்கள் பிறந்த ஊர்கள் லா பிளாத்தா ஆற்றுமுகத்தின் இரு கரைகளிலும் உள்ள புவெனஸ் ஐரிஸும் மொண்டேவீடியோவும். 1914 மக்கள்தொகைக் கணக்கின்போது புவெனஸ் ஐரிஸில் இருந்த சுமார் 15 லட்சம் பேரில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வந்தவர்களே அதிகம். தனியாக வந்த ஆண்கள் நிறைய; ஒரு முற்றத்தைச் சுற்றி அறைக்கொரு குடும்பமாக நெருக்கியடித்த வாடகை வீடுகள்; வேலை தேடி ஊர்ப்புறத்திலிருந்து வந்து, மாடு அறுக்கும் தொட்டிகளைச் சுற்றி நகரத்தின் ஓரத்தில் தங்கிய கிராமத்தான்கள். கத்தி அவர்களுக்குத் தொழில்கருவி, சாப்பாட்டு மேசைச் சாமான், சண்டைக்கும் அதுவே. கழுத்தில் கைக்குட்டை கட்டி, இடுப்பில் கத்தி செருகி, நடையிலேயே சவால் விட்டுக்கொண்டு திரிந்த பேட்டைச் சண்டியருக்கு அங்கே ‘கொம்பாத்ரீத்தோ’ என்று பெயர்.

ஆரம்பகால டாங்கோவில் கதை கிடையாது. ஆங்ஹெல் வில்லோல்தோ 1903 வாக்கில் எழுதிய ‘எல் பொர்தெஞீத்தோ’ போன்ற பாட்டுகளில் சண்டியர் தன் பெருமையைத் தானே அளந்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். 1917-இல் நிலைமை மாறியது. சாமுவேல் காஸ்திரியோத்தாவின் மெட்டு ஒன்றுக்குப் பாஸ்குவால் கொந்துர்சி வார்த்தை எழுத, கார்தெல் அதை ‘மி நோச்சே த்ரிஸ்தே’ என்ற பெயரில் பதிவு செய்தார். ‘என் சோக இரவு’ என்று பொருள். காதலி விட்டுவிட்டுப் போன அறையில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அலமாரியில் தொங்கும் கிதாரை யாரும் தொடுவதில்லை. கண்ணாடி மங்கிக் கிடக்கிறது. விளக்கும் சரியாக எரிவதில்லை. அவள் திரும்பி வரக்கூடும் என்று அவன் கதவைத் திறந்து வைத்துத் தூங்குகிறான்.

கதை சொல்லும் டாங்கோவின் தொடக்கமாக எல்லோரும் கொண்டாடும் இந்தப் பாட்டில் கத்தியும் இல்லை, பழியும் இல்லை, ஏச்சுகூட இல்லை. அழுகிற ஆணோடுதான் அந்த மரபு தொடங்குகிறது. கேட்பதற்கு ஆள் இல்லாத அறை அது. அதனால் மானப் பிரச்சினையும் எழவில்லை.

கத்திப் பாட்டுகள் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1920-களின் நடுவில்தான் குவிந்தன. அந்த நேரத்தில் நிஜமான கத்திச் சண்டியர்கள் தெருவிலிருந்து அருகிவிட்டார்கள். நகரத்தில் டிராம் ஓடியது, சுரங்க ரயில் ஓடியது, சினிமாக் கொட்டகை வந்துவிட்டது. சண்டியருக்கு மேடையில் இடம் கிடைத்தது. ‘சைனேத்தே’ என்னும் ஓரங்க நாடகங்கள் அப்போது சக்கைபோடு போட்டன. அவற்றில் புதுப்பாட்டு ஒன்று இருந்தே ஆக வேண்டும். ‘மி நோச்சே த்ரிஸ்தே’ பரவியதே 1918-இல் அப்படி ஒரு நாடகத்தில் மனோலீத்தா போலி பாடியதால்தான். ‘சில்பாந்தோ’ எழுதிய ஹொசே கொன்சாலெஸ் கஸ்தீயோ நாடக ஆசிரியர். அந்தப் பாட்டில் இருட்டுத் தெரு, பண்டோனியோன் இசைக்கருவியின் முனகல், சீட்டியடித்துக்கொண்டு போகும் ஒருவன், திடீரென்று ஓர் அலறல், மின்னும் கத்தி என்று ஒவ்வொன்றும் மேடைக் காட்சியாகவே விரிகிறது. கொன்றவன் யார், ஏன் கொன்றான் என்று பாட்டு சொல்வதில்லை.

‘துவேலோ கிரியோயோ’ 1928-இல் வந்தது. லீத்தோ பயார்தோவின் வரிகள். பேட்டையின் அழகியான ஒரு பெண் ஒரு பாடகனைக் காதலிக்கிறாள். பெயர்பெற்ற சண்டியன் ஒருவனுக்கும் அவள் மேல் ஆசை. தெருவிளக்கின் மங்கிய வெளிச்சத்தில் இருவரும் மோதி இருவரும் சாகிறார்கள். துக்கத்தில் அவளும் போய்ச் சேர்கிறாள். பாட்டில் இது வருவதே ஊரார் சொல்லும் கதையாகத்தான். அதற்குள் அது பழங்கதை ஆகிவிட்டது.

இதை நகர்ப்புறக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒதுக்குவது சுலபம், அது நியாயமாகாது. மானத்துக்காக ஆயுதம் எடுப்பதைப் படித்த பெரிய மனிதர்களும் அதே காலத்தில் செய்துகொண்டிருந்தார்கள். பின்னாளில் அர்ஜென்டினாவின் அதிபரான இப்போலித்தோ இரிகோயென் 1897-இல் லிசாந்த்ரோ தெ லா தோரேயோடு வாள் சண்டை போட்டார். தெ லா தோரேயின் முகத்தில் காயம் விழுந்தது. உருகுவேயில் இருமுறை அதிபராக இருந்த ஹொசே பாட்லே இ ஒர்தோஞேஸ் 1920 ஏப்ரலில் வாஷிங்டன் பெல்த்ரான் என்ற அரசியல்வாதியைத் துப்பாக்கி துவந்த யுத்தத்தில் சுட்டுக் கொன்றார். அதே ஆண்டு உருகுவே துவந்த யுத்தத்தைச் சட்டப்படி அனுமதித்தது. அந்த அனுமதி 1992 வரை நீடித்தது.

மனைவி விவகாரத்திலும் சட்டம் பாட்டின் பக்கமே சாய்ந்திருந்தது. 1921-இல் நிறைவேறிய அர்ஜென்டினா தண்டனைச் சட்டத்தில் கொலைக்கு 8 முதல் 25 ஆண்டு வரை சிறை. சூழ்நிலையால் மன்னிக்கத்தக்க கடும் மனக்கொந்தளிப்பில் கொன்றிருந்தால் தண்டனை வெகுவாக இறங்கிவிடும்; கடுங்காவலானால் 3 முதல் 6 ஆண்டு, சாதாரணச் சிறையானால் 1 முதல் 3 ஆண்டு. பிறன்மனை உறவு குற்றமாகவே இருந்தது, அதிலும் ஓரவஞ்சனையோடு. மனைவி ஒருமுறை தவறினாலும் குற்றவாளி. கணவனோ இன்னொருத்தியை வைத்துக்கொண்டிருந்தால்தான் குற்றவாளி. அந்தப் பிரிவு 1995-இல்தான் நீங்கியது. ரொசாரியோ காவல் நிலையத்துக்கு அத்தாட்சியோடு வரும் கவுச்சோவுக்குத் தன் முன்னே இருக்கும் சட்டத்தின் மனசு நன்றாகத் தெரியும்.

இந்தப் பின்னணி தெரிந்தால் 1926-இல் ஹுவான் கருசோ எழுதிய ‘லத்ரீயோ’ என்ற பாட்டு வேறு மாதிரி ஒலிக்கும். லத்ரீயோ என்று பேட்டையில் கூப்பிடப்படும் ஒருவன் சிறையில் அழுகிறான். அவன் கொன்றது உண்மை. ஆனால் நேருக்கு நேர், முறைப்படி மோதிக் கொன்றான். எனவே தண்டனை அநியாயம் என்று பாட்டே அவனுக்கு வக்காலத்து வாங்குகிறது. செலெதோனியோ ஃபுளோரெஸ் எழுதிய ‘சென்தென்சியா’வில் ஒருவன் நீதிபதி முன்னால் நிமிர்ந்து நின்று பேசுகிறான். தன் தாயைப் பழித்தவனைக் கொன்றவன் அவன். அவன் கேட்பது மன்னிப்பு இல்லை. தன் செயல் புரிந்துகொள்ளப்பட வேண்டும் என்பதுதான்.

மானப் பாட்டுகளில் மிக நுட்பமானது ‘மாந்திரியா’. அதே 1926-இன் பாட்டு. தன் குடிசையில் இடம்கொடுத்துத் தங்கவைத்த ஒருவன் தன் பெண்ணையே கவர்ந்துவிட்டான் என்று தெரிந்ததும் வீட்டுக்காரன் அவனை எதிர்கொள்கிறான். கோபத்தில் கத்தவில்லை. தன் போன்சோவைக் கழற்றி எதிரியிடம் கொடுக்கிறான். கையைச் சுற்றிக்கொண்டால் கத்திக்குக் கேடயம் போல உதவும் கம்பளித் துணி அது. தன் கத்தியையும் அவனுக்கே இரவல் தருகிறான். தனக்குச் சாட்டைக் கம்பின் பிடி போதும் என்கிறான். இடத்தை எதிரியே தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பெண்ணுக்காகத் தான் வரவில்லை, அடைக்கலம் கொடுத்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளை செய்த காரியத்துக்காகவே வந்திருப்பதாகவும் தெளிவாகச் சொல்லிவிடுகிறான்.

அவள் கணக்கிலேயே இல்லை. இரண்டு ஆண்களுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கலில் அவள் வெறும் காரணம். 1939-இல் ஹுவான் தாரியென்சோ இசைக்குழுவில் அல்பெர்தோ எச்சாகுவே பாடிய பதிவு இன்றும் டாங்கோ ஆடும் கூடங்களில் ஒலிக்கிறது. துள்ளலான தாளம், ஆடுகிறவர்கள் முகத்தில் சிரிப்பு. மொழி தெரியாத ஊர்களில் அந்தத் தாளத்துக்கு அடியில் நடக்கும் பேச்சு என்ன என்று பலருக்குத் தெரியாது.

சாட்சி தேடும் இந்தப் பழக்கம் அதன் கோர முகத்தோடு வெளிப்படுவது 1930-இல் வந்த ‘தீசென் கே தீசென்’ என்ற பாட்டில். அல்பெர்தோ பயஸ்தேரோ எழுத, என்ரிக்கே தெல்ஃபீனோ இசையமைத்தது. ஒருவன் ஒரு பெண்ணை அருகே அழைக்கிறான். பயப்படாதே, ஒரு கதை சொல்லத்தான் கூப்பிட்டேன் என்கிறான். ஊரில் சொல்லிக்கொள்கிறார்களாம், உன்னைப் போலவே அன்பான ஒருத்தி இருந்தாளாம், என்னைப் போலவே நல்ல மனசுள்ள ஒருவனின் பெருமையாக இருந்தாளாம் என்று கதை போகிறது. அவன் வேலையாக வெளியே போன ஓர் இரவில் அவள் இன்னொருவனோடு போய்விட்டாளாம். அவன் வானத்துக்கும் பூமிக்கும் தேடினானாம், நான் தேடியது போல. கண்டுபிடித்தபோது கழுத்தைப் பிடித்தானாம், நான் இப்போது பிடிப்பது போல.

பாட்டு அங்கேயே முடிந்திருக்கலாம். முடியவில்லை. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வருகிறார். கொன்றவன் அவர் பக்கம் திரும்பி, பயப்படாதீர்கள், கையில் ஆயுதம் இல்லை, கதை சொல்லத்தான் வந்தேன், ஆத்திரம் என்னை மீறிவிட்டது என்று சொல்லி, அதே கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். அவளிடம் சொன்ன கதை உண்மையில் யாருக்கானது என்பது அந்தக் கடைசிக் கண்ணியில் அம்பலமாகிறது. மானம் என்பது ஊர் வாயில் இருக்கும் சொத்து. அதை ஊர் வாயிலேயே போட்டுத்தான் மீட்க முடியும். இந்தக் கருத்தை இவ்வளவு துல்லியமாகவும் இவ்வளவு பயங்கரமாகவும் சொன்ன பாட்டு டாங்கோவில் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

ஹோர்ஹே குரி எழுதிய ‘நோச்சே தெ ரேயெஸ்’ இன்னொரு வகையில் நெஞ்சை அறுக்கிறது. ஜனவரி 5 இரவு, மூன்று ராஜாக்கள் குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவரும் நாள். குழந்தைகள் தங்கள் செருப்பை வெளியே வைத்துவிட்டுத் தூங்குவார்கள். அப்படி ஓர் இரவில் மனைவியையும் நெருங்கிய நண்பனையும் கையும் களவுமாகப் பிடித்துக் கொன்றதை ஒருவன் தன் தோழனிடம் சொல்கிறான். பல கொலைப் பாட்டுகள் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். இதில் மறுபடி அதே இரவு வருகிறது. பையன் வழக்கம்போல் தன் சின்னச் செருப்பை வெளியே வைத்திருக்கிறான். அம்மா எப்படிப் போனாள் என்று அவனுக்குத் தெரியாது. தகப்பன் தன் செயலை நியாயப்படுத்திக்கொண்டே போகிறான், ஆனால் அந்த ஒரு ஜோடிச் செருப்பு அவன் சொல்லும் நியாயம் அத்தனையையும் உடைத்துவிடுகிறது. எழுதியவர் அதை அறிந்துதான் செய்தாரா என்பது வேறு விஷயம், பாட்டு செய்துவிட்டது.

கொலை நடக்காத பாட்டுகளிலும் தோழன் தேவைப்படுகிறான். மனுவேல் ரொமேரோ எழுதி, கார்தெல் இசையமைத்து, 1931-இல் ‘லூசெஸ் தெ புவெனஸ் ஐரெஸ்’ படத்தில் பாடிய ‘தோமோ இ ஒப்லீகோ’வில் ஒருவன் தானும் குடித்து, எதிரே இருப்பவனையும் கட்டாயப்படுத்திக் குடிக்கவைக்கிறான். காதலியை இன்னொருவன் அணைப்பில் பார்த்தவன் அவன். அந்த இடத்திலேயே எப்படிக் கொல்லாமல் விட்டேன் என்று இன்னும் தனக்கே விளங்கவில்லை என்கிறான். கொல்லாமல் விட்டதற்கு அவன் வெட்கப்படுகிறான். அதனால்தான் அதற்கும் ஒரு விளக்கம், ஒரு சாட்சி. முடிவில் ஆண்பிள்ளை அழக்கூடாது என்று புத்தியும் சொல்கிறான். 1935 ஜூன் 24-இல் கொலம்பியாவின் மெதெயின் நகரில் விமான விபத்தில் இறப்பதற்கு முந்தைய இரவு, பொகோத்தா வானொலி நிலையத்தில் கார்தெல் கடைசியாகப் பாடியது இந்தப் பாட்டு என்று சொல்கிறார்கள்.

டாங்கோவின் ஆகச் சிறந்த காதல் பாட்டுகளில் கேட்பவர் மாறுகிறார். தோழன் எழுந்து போய்விடுகிறான், அல்லது அவன் முன்னாலேயே வேஷம் கலைந்துவிடுகிறது. 1920-களில் செலெதோனியோ ஃபுளோரெஸ் எழுதிய ‘மானோ ஆ மானோ’ பணக்காரனோடு போய்விட்டவளிடமே நேராகப் பேசுகிறது. பாக்கி எதுவும் இல்லை, நமக்குள் கணக்குத் தீர்ந்தது என்று சொல்லி, நாளை வயதாகி எல்லோரும் கைவிட்ட பிறகு உதவி தேவைப்பட்டால் இந்த நண்பன் இருக்கிறான் என்று முடிகிறது. அதில் கொஞ்சம் குத்தலும் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் கணக்கை அவளோடு பேசித் தீர்க்க முடியும் என்று அந்த ஆணுக்குத் தோன்றியிருக்கிறதே, அதுவே அந்த வட்டாரத்தில் பெரிய திறப்பு.

என்ரிக்கே சாந்தோஸ் டிசெப்போலோ 1928-இல் எழுதிய ‘மலேவாஹே’ மானத்தின் அடித்தளத்தையே ஆட்டியது. ஹுவான் தெ தியோஸ் ஃபிலிபெர்த்தோ அதற்கு இசை. பேட்டையே நடுங்கிய ஒரு சண்டியன், ஒருத்தி டாங்கோ ஆடிக்கொண்டு கர்வமாகப் போவதைப் பார்த்தான். அன்றிலிருந்து அவனால் சண்டை போட முடியவில்லை. நேற்று சவால் வந்தபோது ஜெயிலும் சாவும் கண்முன் வந்தன. இரண்டில் எது நேர்ந்தாலும் அவளை இனிப் பார்க்க முடியாதே என்று ஓட்டம் பிடித்தான். கூட்டாளிகள் வியந்து பார்க்கிறார்கள், பேர் கெட்டுப்போகிறது, இரவில் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறான். என்னை என்ன செய்துவிட்டாய் என்று அவன் கேட்பது அவளிடம். மானத்தைக் காதல் தோற்கடித்துவிட்டது. அந்தத் தோல்வியில் ஓர் உயிர் பிழைத்திருக்கிறது.

அதே ஆண்டு டிசெப்போலோ எழுதிய ‘எஸ்தா நோச்சே மே எம்பொராச்சோ’வில் பழிவாங்கும் வேலையைக் காலமே எடுத்துக்கொள்கிறது. பத்து வருஷம் முன்பு தன்னை ஓட்டாண்டி ஆக்கியவள், இப்போது வாடி வதங்கி விடியற்காலையில் கபரே வாசலிலிருந்து வெளியே வருவதை ஒருவன் பார்க்கிறான். பழி தீர்ந்ததே என்ற மகிழ்ச்சி அவனுக்கு வரவில்லை. எதையும் நினைக்காமலிருக்கக் குடித்தே ஆக வேண்டும் என்று போகிறான். 1932-இல் லூயிஸ் சேசர் அமதோரி எழுதிய ‘ரென்கோர்’ இன்னும் ஒரு படி உள்ளே இறங்குகிறது. ஒருத்தி மேல் தான் வளர்த்துவரும் வெறுப்பு உண்மையில் தீராத காதல்தானோ என்று அதன் நாயகன் தன்னையே அஞ்சுகிறான்.

இவ்வளவு பாட்டிலும் பெண்ணின் குரல் எங்கே? ‘மலேவாஹே’யை முதலில் மேடையேற்றியவர் அசுசேனா மைசானி என்ற பெண் பாடகர். அவர் பல மேடைகளில் ஆண் உடையில், கவுச்சோ கோலத்தில் நின்று ஆண்களின் வார்த்தைகளை ஆண்பாலிலேயே பாடினார். கேட்ட கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரு பெண் தன் பக்கத்துக் கதையைத் தானே எழுத வேண்டுமென்றால் பெயரை மறைக்க வேண்டியிருந்தது. பத்திரிகையாளரும் கவிஞருமான மரியா லூயிசா கர்னேல்லி ‘குவாந்தோ யோரா லா மிலோங்கா’வை லூயிஸ் மாரியோ என்ற ஆண் பெயரில் வெளியிட்டார்; வாழ்க்கை கழிந்துகொண்டிருக்கிறது, வாழ்ந்துவிடு என்று சொல்லும் ‘செ வா லா வீதா’வையும் ஆண் புனைபெயரில்தான் வெளியிட்டார். கொல்லப்பட்ட பெண்களின் பக்கத்திலிருந்து அந்தப் பொற்காலத்தில் எழுதப்பட்டதும் பரவலாகப் பாடப்பட்டதுமான பாட்டு அரிதிலும் அரிது.

1940-களில் கத்தி பின்வாங்கியது. பெரிய இசைக்குழுக்களின் காலம் அது. 1943-இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் வானொலியில் லுன்ஃபார்தோ என்னும் பேட்டை வழக்குக்குத் தடை போட்டதால் பல பாட்டுகளின் சொற்களும் தலைப்புகளும் மாற்றப்பட்டன. முந்திய தலைமுறையின் கொந்துர்சிக்கு மகனான ஹொசே மரியா கொந்துர்சி 1942-இல் மாரியானோ மோரேஸின் இசையில் எழுதிய ‘கிரிசேல்’ அந்தக் காலத்தின் மனப்பாங்குக்கு நல்ல எடுத்துக்காட்டு. கொர்தோபா மாநிலத்தில் வாழ்ந்த கிரிசேல் என்ற பெண்ணை, ஏற்கெனவே மணமானவரான அவர் காதலித்து, விட்டுப் பிரிந்தார். பாட்டில் துரோகி ஆண், குற்றம் அவனுடையது, தண்டனை அவன் மனசாட்சி. பல ஆண்டுகள் கழித்து, மனைவி இறந்தபின், அவர் கிரிசேலோடு மீண்டும் சேர்ந்து 1967-இல் மணந்துகொண்டார்.

கத்தியை மீட்டுக் கொண்டுவந்தவர் எழுத்தாளர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ். அழுமூஞ்சி டாங்கோ அவருக்குப் பிடிக்காது. கொந்துர்சி, கார்தெல் வந்த பிறகு டாங்கோ கெட்டுப்போனது என்பது அவர் கட்சி. 1965-இல் அவர் வரிகளுக்கு ஆஸ்தோர் பியசோல்லா இசையமைத்து, எட்முந்தோ ரிவேரோ பாடிய ‘எல் டாங்கோ’ இசைத்தட்டு வந்தது. அதில் வரும் ஹசிந்தோ சிக்லானா போன்ற வீரர்கள் பெண்ணுக்காகச் சண்டை போடுவதில்லை, துணிச்சலுக்காகவே போடுகிறார்கள். கவிதையாக அது உயரம்தான். ஆனால் அழுகிற ஆணை வெளியேற்றிவிட்டு வெட்டுகிற ஆணை மட்டும் வைத்துக்கொள்வது, டாங்கோவின் நேர்மையான பாதியை வெட்டியெறிவதாகும். அதே ரிவேரோதான் இவான் தியெஸின் கவிதை ஒன்றுக்கு இசையமைத்து ‘அமாப்ளெமென்தே’ என்று பாடினார். மனைவியை இன்னொருவனோடு பார்த்த கணவன், அவனைக் குற்றமில்லாதவன் என்று அனுப்பிவிட்டு, அவளிடம் செருப்பும் மாத்தே பானமும் கேட்டு வாங்கி, நிதானமாகப் பேசிக்கொண்டே 34 முறை குத்துகிறான். கூட்டங்கள் அதைக் கேட்டுச் சிரித்து ரசித்தன.

இன்று அர்ஜென்டினாவில் அந்தச் சிரிப்பு சுலபமாக வருவதில்லை. பெண் என்பதற்காகப் பெண்ணை ஆண் கொல்வதை 2012 சட்டத்திருத்தம் ஆயுள் தண்டனைக்குரிய கொலையாக்கியது. முன்பே அவளை வதைத்தவன் சூழ்நிலையைக் காட்டி ஆயுள் தண்டனையிலிருந்து தப்பவும் முடியாது. 2015 ஜூன் 3 அன்று ‘நி ஊனா மேனோஸ்’ (இனி ஒருத்திகூடக் குறையக்கூடாது) என்ற முழக்கத்தோடு புவெனஸ் ஐரிஸில் நாடாளுமன்றத்தின் முன் பெருங்கூட்டம் திரண்ட பிறகு, எந்தப் பாட்டைப் பாடுவது, எதை விடுவது என்ற விவாதம் டாங்கோ மேடைகளுக்கும் வந்தது. பழைய பாட்டுகளை மறைத்துவைப்பதில் பயனில்லை. ‘தீசென் கே தீசென்’ போல ஒரு கொலைகாரனின் வாக்குமூலத்தை இவ்வளவு நெருக்கத்தில் காட்டும் ஆவணம் நீதிமன்றக் கோப்புகளில்கூடக் கிடைக்காது. ஆனால் அதைப் பாடுகிறவர், ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரரின் இடத்தில் தன் கூட்டத்தை உட்காரவைக்கிறோம் என்று தெரிந்து பாட வேண்டும். அந்தக் கொலைகாரன் பக்கத்து வீட்டுக்காரரிடம் எதிர்பார்த்தது ஒரு தலையாட்டல். அதைக் கூட்டம் கொடுக்காதபடி பாடுவது எப்படி என்பதுதான் இப்போது அந்தப் பாடகர்களுக்கு முன்னால் இருக்கும் வேலை.